பட்டுப்புழுவின் பால் நோய்க்கு ஒரு வாய்ப்பூட்டு
மரபணுவின் சொல்லைத் தடுக்கும் எதிர் இழைகள்: ஆய்வகத்தில் வெற்றி, கொட்டகைக்கு வருவது எப்போது?

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. நெசவும் விவசாயமும் அக்கம்பக்கமாக நடக்கும் ஊர். தறியில் ஏறும் பட்டுக்கு இங்கே முறுக்கும் உண்டு, சாயமும் உண்டு, ஜரிகையும் உண்டு. ஆனால் அந்தப் பட்டு பிறப்பது இங்கே அல்ல. கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கர்நாடகத்திலோ, ஒரு சிறு விவசாயியின் புழுக் கொட்டகையில் பிறக்கிறது. அங்கே புழு செத்தால் இங்கே கோராப் பட்டின் விலை ஏறும்.

புழு வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது பால்புழு நோய்க்குத்தான். கிராசரி என்றும் இதைச் சொல்வார்கள். முட்டை பொரித்து, நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தில் புழு கொத்துக் கொத்தாக இலையைத் தின்னும். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் செலவாகிறது. இலை, கூலி, உரம், தண்ணீர் எல்லாம் போட்டு முடித்த அந்தச் சமயத்தில்தான் நோய் முற்றி வெளியே தெரியும். நூறு முட்டைத் தொகுதியில் 40,000 முதல் 50,000 புழுக்கள் வரை இருக்கும். சந்திரிகையில் ஏற்ற வேண்டிய நாளில் அவற்றைக் குழியில் கொட்டி மூடுவது எத்தகைய வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நோயை எதிர்த்து நிற்கும் புழுவை நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கையாண்டது மருந்தும் அல்ல, நஞ்சும் அல்ல. நோய்க்கிருமியின் மரபணு சொல்லும் சொல்லைச் செல்லின் காதில் விழாமல் தடுத்துவிடும் ஒரு முறை. அது என்ன, நமக்கு எந்த அளவில் பயன்படும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

நோயின் அடையாளம்

பால்புழு நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். நோய் கண்ட புழு தோலுரிப்புக்கு அடங்காது. மற்றவை அசையாமல் கிடக்கும்போது இது தட்டின் விளிம்பில் ஊர்ந்துகொண்டே இருக்கும். தோல் பளபளக்கும். கணுக்களுக்கு நடுவே வீங்கி, மூங்கில் கணுப்போல் தோன்றும். தோல் மெலிந்து எளிதில் கிழியும். கிழிந்த இடத்திலிருந்து பால்போல் வெண்மையான நீர் வடியும். பெயர் வந்த காரணம் அதுதான்.

அந்தப் பாலில் ஒரு சொட்டு இலைமேல் விழுந்தால் போதும். அதில் கோடிக்கணக்கான வைரஸ் மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணியும் புரதத்தால் ஆன ஓடு போட்டுக்கொண்டு, தட்டிலும் தரையிலும் சுவர் வெடிப்பிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அடுத்த வளர்ப்பில் புழு தின்னும் இலையோடு உள்ளே போய்விடும். நோய் வந்த புழுவைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பட்டுக்கூட்டில் ஏற்படும் நஷ்டத்தில் பாதிக்குமேல் இந்த ஒரு வைரஸால்தான் வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

தறியும் அட்டையும்

வைரஸ் தானாகப் பெருகாது. புழுவின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லைக்கொண்டே தன்னைப்போல் ஆயிரக்கணக்கில் செய்துகொள்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதை ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தறியைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

சேலைக்கு டிசைன் போடுபவர் வரைந்த மூலப் படம் ஒன்று இருக்கும். அதைத் தறியில் மாட்டுவதில்லை. அதைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டு, அந்த அட்டைகளைத்தான் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. தறி மயிலா, அன்னமா என்று யோசிப்பதில்லை. அட்டை சொன்னபடி நெய்கிறது.

உயிர்களின் செல்லிலும் இதே ஏற்பாடுதான். மூலப் படம் டி.என்.ஏ. அதில் ஒரு செய்திக்கு உரிய பகுதியே மரபணு. அதிலிருந்து எடுக்கும் நகல் அட்டை ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதங்களை நெய்கிறது.

காஞ்சியில் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் கோயில் உண்டு. திருமழிசை ஆழ்வார் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, அவர் சொல் கேட்டுப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார் என்றும், அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ஓரிக்கை ஆயிற்று என்றும் தலபுராணம் சொல்லும். பெருமாள் அடியவரின் சொல்லுக்குத்தான் கட்டுப்பட்டார். செல்லோ யார் சொல்லுக்கும் கட்டுப்படும். வைரஸ் தன் அட்டையைக் கொண்டுவந்து மாட்டினால் அதையும் நெய்து கொடுத்துவிடும். பட்டு நெய்ய வேண்டிய புழு பாலாய் வடிந்து சாவது இதனால்தான்.

துளையை அடைத்தால்?

தறியில் மாட்டிய அட்டையின் துளைகளைக் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டால் அந்தப் பூ விழாது. மூலப் படத்தில் கைவைக்கவில்லை. தறிக்கும் சேதமில்லை. ஒரு பூ மட்டும் நின்றுவிடும்.

ஆர்.என்.ஏ. நகலிலும் இதைச் செய்யலாம். அதில் உள்ள எழுத்துகள் நான்கே வகை. ஒவ்வோர் எழுத்துக்கும் சேரும் ஜோடி எழுத்து ஒன்று உண்டு. நகலில் உள்ள எழுத்து வரிசைக்குச் சரியான ஜோடி வரிசையாக ஓர் இழையைச் செய்து உள்ளே விட்டால், அது போய் அந்த இடத்தில் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். வேறு இடத்தில் ஒட்டாது. இதற்கு எதிர் இழை என்று பெயர்.

1978-ல் அமெரிக்காவில் சாமெக்னிக், ஸ்டீபன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 13 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு இழையைச் செயற்கையாகச் செய்து, கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸ் பெருகாமல் தடுத்துக் காட்டினார்கள். இப்படிப்பட்ட இழைகளை ஆய்வகத்தில் கட்டும் கலைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர், 1968-ல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானா. பஞ்சாபில் ஒரு சிற்றூரில் பிறந்தவர்.

பிறகு 1990-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பெட்டூனியா என்ற பூச்செடிக்கு ஊதா நிறத்தை அதிகமாக்க எண்ணி, நிறம் தரும் மரபணுவை இன்னொரு பங்கு சேர்த்தார்கள். நிறம் கூடவில்லை. பல பூக்கள் வெள்ளையாகவே பூத்தன. சேர்த்த மரபணு, இருந்த மரபணுவையும் சேர்த்து வாயடைத்துவிட்டது.

இதற்குக் காரணம் 1998-ல் விளங்கியது. பயர், மெல்லோ என்ற விஞ்ஞானிகள் மிகச் சிறிய உருளைப்புழு ஒன்றில் ஆராய்ந்தபோது, இரட்டை இழையாக ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால் அதே எழுத்து வரிசை உள்ள மரபணு வாயடைந்துபோகிறது என்று தெரிந்தது. செல் அந்த இரட்டை இழையைச் சுமார் 21 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதே எழுத்து வரிசை உள்ள நகல்களைத் தேடித் தேடி அழிக்கிறது. எதிர் இழை, துளையில் காகிதம் ஒட்டுவது. இதுவோ அட்டையையே கிழித்துப் போடுவது. செல்லுக்கு இது இயற்கையாகவே அமைந்த காவல். இந்தக் கண்டுபிடிப்புக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

போலி இழை

இயற்கையான இழைகளில் ஒரு குறை உண்டு. அவற்றை வெட்டித் தின்னும் நொதிகள் உடலெங்கும் இருக்கின்றன. அனுப்பிய இழை போய்ச் சேருமுன் கரைந்துவிடும்.

இதற்கு ஒரு வழியை 1991-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் நீல்சன், எக்ஹோல்ம், பெர்க், புஹார்ட் என்ற நால்வர் கண்டார்கள். எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கும் முதுகெலும்பை மட்டும் மாற்றினார்கள். பாவை வேறு நூலாக மாற்றி, பூவை மட்டும் மாறாமல் நெய்வதுபோல. சர்க்கரையும் பாஸ்பேட்டும் இருக்கும் இடத்தில் புரதத்தை ஒத்த ஒரு சங்கிலி வந்தது. இதற்குப் பி.என்.ஏ. என்று பெயர். இது உயிரில் எங்கும் இல்லாத போலி இழை. டி.என்.ஏ.யை வெட்டும் நொதிக்கும் இது தெரியாது, புரதத்தை வெட்டும் நொதிக்கும் இது பிடிபடாது. ஆனால் தன் ஜோடி எழுத்தைக் கண்டால் இயற்கை இழையைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

நம் நாட்டிலும் இதில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. புனேயில் உள்ள தேசிய இரசாயன ஆய்வகத்தில் கே. என். கணேஷ் தலைமையில் ஒரு குழு பி.என்.ஏ.யில் புதுப்புது மாறுதல்களைச் செய்து பார்த்தது. நீரில் நன்றாகக் கரையவும், செல்லுக்குள் எளிதாக நுழையவும், சரியான இடத்தில் மட்டும் ஒட்டவும் செய்வதே நோக்கம். செல்லுக்குள் நுழைய மறுப்பதுதான் போலி இழையின் பெரிய குறை. செய்யும் செலவும் அதிகம். ஆகவே இது இன்றும் பெரிதும் ஆய்வகத்தோடும் நோய் கண்டறியும் சோதனைகளோடும் நிற்கிறது. இதே வழியில் வந்த வேறு சில மாற்று இழைகள் மனிதருக்கு மருந்தாகிவிட்டன. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு, நுசினெர்சன் என்ற இழை மருந்து 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஐதராபாத்தில் நடந்தது

இனி நம் புழுவுக்கு வருவோம். ஐதராபாத்தில் உள்ள சி.டி.எப்.டி. என்ற மத்திய அரசின் மரபணு ஆராய்ச்சி மையத்தில் ஜே. நாகராஜு என்ற விஞ்ஞானி பட்டுப்புழு ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். முன்னர் மத்திய பட்டு வாரியத்திலும் பணியாற்றியவர். அவருடைய குழு, பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்களுடனும் இந்துப்பூரில் இருந்த ஆந்திர மாநிலப் பட்டு ஆராய்ச்சி நிறுவனத்துடனும் சேர்ந்து பால்புழு வைரஸை வாயடைக்க முற்பட்டது.

முதலில் வைரஸின் ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்தார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் முதலில் பேசத் தொடங்கும் மரபணு அது. அதற்கு எதிரான இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் புழுவே தன் உடலில் செய்துகொள்ளும்படி, புழுவின் டி.என்.ஏ.யில் ஒரு சிறு பகுதியைச் சேர்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவில், இப்படிப்பட்ட புழுக்கள் நோயை ஓரளவு தாங்கின. ஆனால் போதுமான அளவுக்கு அல்ல.

அடுத்து நான்கு மரபணுக்களை ஒன்றாகக் குறிவைத்தார்கள். ஒன்றில் தப்பினாலும் மற்றதில் வைரஸ் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. எதிர் இழையாகவும், இரட்டை இழையாக மடியும்படியும், பல விதமாகச் செய்து பார்த்ததில் இரட்டை இழையே நிலைத்த பலன் தந்தது. பிறகு இந்தக் குணத்தை, நல்ல கூடு தந்தாலும் பால் நோய்க்கு எளிதில் பலியாகும் ஒரு வணிக இரகத்தில் ஏற்றினார்கள். வைரஸை ஊட்டிச் சோதித்தபோது, சாதாரணப் புழுக்களில் நூற்றுக்கு 15-க்கும் குறைவாகவே பிழைத்தன. புதிய புழுக்களில் 75-க்குமேல் பிழைத்தன. கூட்டின் விளைச்சலும் பட்டின் அளவும் குறையவில்லை. மேலும் ஒரு நன்மை தெரிந்தது. புதிய புழுவில் உண்டான சிறிதளவு வைரஸ் மணிகளுக்கும் நோய் பரப்பும் வீரியம் குறைந்திருந்தது.

இந்தக் கட்டுரை 2013-ல் அச்சாயிற்று. நாகராஜு 2012-ன் கடைசியிலேயே காலமாகிவிட்டார்.

இலையில் தெளிக்கலாகாதா?

புழுவின் டி.என்.ஏ.யைத் தொடுவானேன், இரட்டை இழையைக் கரைத்து மல்பெரி இலைமேல் தெளித்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பட்டுப்புழுவின் குடல்நீர் மிகவும் காரத்தன்மை உள்ளது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதியும் அதில் இருப்பதாக ஜப்பானியர் கண்டறிந்திருக்கிறார்கள். தெளித்தது பெரும்பாலும் குடலிலேயே கரைந்துபோகும். அந்துப்பூச்சி இனப் புழுக்கள் பலவற்றுக்கும் இந்தத் தன்மை உண்டு. நொதிக்கு மசியாத போலி இழைகளை விஞ்ஞானிகள் தேடுவதன் காரணம் இங்கே நன்றாக விளங்கும்.

வண்டு இனங்களில் கதை வேறு. அவை தின்னும் இரட்டை இழை எளிதில் வேலை செய்கிறது. உருளைக்கிழங்கைத் தாக்கும் கொலராடோ வண்டுக்கு எதிராக லெட்ப்ரோனா என்ற இரட்டை இழைத் தெளிப்பு மருந்தை 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பதிவு செய்தது. வண்டு அதைத் தின்றால், அது உயிர்வாழ வேண்டிய ஒரு புரதம் உண்டாவது நின்று, சில நாட்களில் செத்துவிடும். நம் பப்பாளித் தோட்டங்களைப் பாழாக்கும் வளையப்புள்ளி வைரஸுக்கு எதிராக ஹவாய் தீவில் 1998 முதல் பயிரிடும் பப்பாளி இரகங்களும், வைரஸின் சொல்லை இவ்வாறு வாயடைக்கும் முறையில்தான் தப்புகின்றன.

நம் கொட்டகைக்கு எப்போது?

ஐதராபாத்தில் உருவான புழு இன்றுவரை விவசாயியின் தட்டுக்கு வரவில்லை. மரபணு மாற்றிய உயிர் எதுவானாலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-ல் வந்த விதிகளின்படி பல கட்டச் சோதனைகளைத் தாண்டி மத்திய அனுமதி பெற வேண்டும். இந்த எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கூட்டிலிருந்து எடுத்த புழுவைக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் போடுகிறோம், அதில் தீங்கு ஏதும் உண்டா? பல தலைமுறை கழிந்தும் எதிர்ப்பு நிலைக்குமா? வைரஸ் தன் எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடுமா? இவற்றுக்கெல்லாம் பதில் வேண்டும்.

ஒரு வகையில் பட்டுப்புழு மற்ற உயிர்களைவிட அச்சம் குறைந்தது. பல ஆயிரம் ஆண்டுகள் மனிதன் கையில் வளர்ந்ததால் அதன் அந்துப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. காட்டில் தனியே பிழைக்கவும் தெரியாது. காற்றில் மகரந்தம் பறந்து அயல் வயலில் கலப்பதுபோல் இது கலந்துவிடாது. முட்டையை ஒவ்வொரு வளர்ப்புக்கும் வித்தகத்திலிருந்து வாங்கியே பழகியிருப்பதால் விதை உரிமை பற்றிய புதுச் சுமையும் அதிகமில்லை. ஆனால் அந்த முட்டை அரசு வித்தகத்தில் நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் புதுமையின் பெயரைச் சொல்லி, பால் நோயைத் தீர்க்கும் மருந்து என்று யாராவது புட்டியைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பூச்சிமருந்தானால் லேபிளில் மத்திய பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழுவின் பதிவு எண் இருக்க வேண்டும். புழு வளர்ப்புக்கான பொருளானால் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

வைரஸின் வாயை அடைக்கும் புழு வரும்வரை, வைரஸ் வரும் வழியை அடைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

1. ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும், அடுத்தது தொடங்குமுன்னும் கொட்டகையைக் கிருமிநீக்கம் செய்யுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. தரை, சுவர், கூரை, தட்டு எல்லாம் நன்றாக நனைய வேண்டும். பிளீச்சிங் பவுடர் காரம் குறையாத புதுச் சரக்காக இருக்கட்டும். மூட்டையைத் திறந்து வைத்துவிட்டால் வீரியம் போய்விடும். தெளிக்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள்.

2. தோலுரிப்புக்கு அடங்காமல் விளிம்பில் ஊரும் புழுவைத் தோல் கிழியுமுன் குச்சியால் எடுத்து, மேற்சொன்ன கரைசல் உள்ள பாத்திரத்தில் போடுங்கள். பிறகு ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். கோழிக்கு வீசாதீர்கள். மல்பெரித் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

3. ஒவ்வொரு தோலுரிப்பும் முடிந்து முதல் இலை போடுமுன், விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினித் தூளைப் பரிந்துரைத்த அளவில் தூவுங்கள்.

4. முதல் இரண்டு பருவப் புழுவைச் சுத்தமான இளம்புழு வளர்ப்பு மையத்தில் வாங்குங்கள். முற்றிய புழுவுக்குக் காய்ந்த இலையும் வெயிலில் வாடிய இலையும் ஆகாது.

5. கொட்டகையில் 24 முதல் 26 டிகிரி வெப்பமும் 70 சதவீதம் ஈரமும் இருக்கட்டும். கோடையில் ஈரச் சாக்கும் காற்றோட்டமும் அவசியம். புழுவை நெருக்கமாக விடாதீர்கள்.

6. கைகால் கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, உறவினரானாலும் சரி. வாசலில் கிருமிநாசினியில் நனைத்த சாக்கு போடுங்கள்.

இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. தோலுரிப்பு நாட்களில் தட்டு தட்டாகப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும். ஐதராபாத்தில் பிழைத்த புழுவின் முட்டை ஒரு நாள் நம் வித்தகத்துக்கு வந்தாலும் இந்தச் சுத்தத்தை விட்டுவிட முடியாது. அந்தப் புழு தாங்குவது பால் நோய் ஒன்றை மட்டும்தான். சுண்ணாம்புக்கட்டி நோயும் கரும்புள்ளி நோயும் ஊசி ஈயும் அப்படியே இருக்கும். அவற்றைத் தடுக்கப் போவது நம் கையிலுள்ள சுண்ணாம்பும் விளக்குமாறும்தான்.